புழுக்கத்தைப் பிழியும் இயந்திரம்

கத்திரி வெயில் நாளொன்றில் வேலூரில் 42 டிகிரி செல்சியஸ், காற்றின் ஈரப்பதம் 25 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். அதே மதியம் கடற்காற்று உள்ளே வந்துவிட்ட சென்னையில் 34 டிகிரி, ஈரப்பதம் 65 சதவீதம். டிகிரிக் கணக்கை மட்டும் பார்த்தால் சென்னைக்காரர்தான் கொடுத்துவைத்தவர். ஆனால் சட்டை முதுகோடு ஒட்டி, நெற்றியைத் துடைத்துத் துடைத்து ஓய்ந்துபோவதும் அவர்தான். வேலூரில் அப்போது ஒரு கனமீட்டர் காற்றில் இருக்கும் நீராவி சுமார் 14 கிராம். சென்னையில் அது 24 கிராம். வியர்வை ஆவியானால்தான் உடம்பு குளிரும். ஏற்கெனவே இவ்வளவு நீராவியைச் சுமக்கும் காற்றில் வியர்வை எளிதில் ஆவியாகாது. பெரும்பாலும் வழிந்துதான் ஓடும்.

சென்னை, கடலூர், நாகப்பட்டினம், தூத்துக்குடி என்று கடலோரத்தில் குடியிருக்கிறவர்களின் ஏசி இந்தக் காற்றோடுதான் மல்லுக்கட்ட வேண்டியிருக்கிறது. மார்ச் பிறந்ததும் நாம் மெக்கானிக்கைக் கூப்பிட்டுச் சொல்வது பெரும்பாலும் ஒரே வாக்கியம்: "கோடை வருது, கேஸ் இருக்கான்னு பாத்துடுங்க." கேஸைப் பற்றிப் பிறகு வருகிறேன். அதற்கு முன்னால் பார்க்க வேண்டியது தண்ணீர். கடலோர வீட்டு ஏசியின் உழைப்பில் கணிசமான பங்கு காற்றிலிருந்து நீரைப் பிரிப்பதில் போகக்கூடும். அந்த வேலைக்கு அதைத் தயார் செய்யாமல் கேஸை மட்டும் பார்ப்பதில் பெரிய பயன் இல்லை.

ஒரு சின்னக் கணக்கு. பத்துக்குப் பன்னிரண்டு அடி படுக்கையறை, உயரம் பத்தடி. உள்ளே சுமார் 34 கனமீட்டர் காற்று இருக்கும். மேலே சொன்ன சென்னைக் காற்றே அறைக்குள்ளும் இருந்தால், அதில் கண்ணுக்குத் தெரியாமல் கலந்திருக்கும் தண்ணீர் 800 கிராமுக்கு மேல். அதை 25 டிகிரிக்கும் 50 சதவீத ஈரப்பதத்துக்கும் கொண்டுவர வேண்டுமானால் சுமார் 440 கிராம் நீரைப் பிரித்தெடுக்க வேண்டும். அந்தக் காற்றை 9 டிகிரி குளிரவைக்க மட்டும் நீக்க வேண்டிய வெப்பம் ஏறத்தாழ 350 கிலோஜூல். ஆனால் 440 கிராம் நீராவி தண்ணீராகும்போது வெளிவிடும் உள்ளுறை வெப்பம் ஆயிரம் கிலோஜூலைத் தாண்டுகிறது. அதையும் ஏசிதான் அள்ளி வெளியே கொட்ட வேண்டும். சுவர், மெத்தை, பீரோ, வெயிலில் காய்ந்த மொட்டைமாடித் தளம் இவற்றின் வெப்பம் தனிக் கணக்கு. காற்றை மட்டும் எடுத்துக்கொண்டால், குளிரவைப்பதைப் போல மூன்று மடங்கு வேலை நீரைப் பிழிவதில் இருக்கிறது.

இந்த இயந்திரம் பிறந்ததே ஈரத்தை அடக்கத்தான் என்பது பலருக்கும் வியப்பாக இருக்கும். 1902-ஆம் ஆண்டுக் கோடையில் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஒரு வண்ண அச்சகம் தவித்துக்கொண்டிருந்தது. ஒரு நிறத்தை அச்சிட்டு அடுத்த நிறத்துக்குக் காத்திருக்கும் நேரத்தில் தாள் ஈரத்தை உறிஞ்சி விரிந்துவிடும். இரண்டாவது நிறம் இடம் மாறி விழும். வில்லிஸ் கேரியர் என்ற இளம் பொறியாளர் குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்றைச் செலுத்தி ஈரத்தைப் பிரித்து, அச்சகத்தின் ஈரப்பதத்தை 55 சதவீதத்தில் நிறுத்தும் ஏற்பாட்டை வடிவமைத்தார். மனிதர்களின் சுகம் அன்றைக்குக் கணக்கிலேயே இல்லை. நம் சிவகாசியில் அச்சுத் தொழில் செழித்ததற்கு அந்த ஊரின் வறண்ட காற்றும் ஒரு காரணம் என்பதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். புரூக்ளினில் இயந்திரம் செய்ததை அங்கே வானிலையே செய்து கொடுத்தது.

இன்றைய ஸ்ப்ளிட் ஏசியும் அதே வழியில்தான் வேலை செய்கிறது. சுவரில் மாட்டிய இன்டோர் பெட்டிக்குள் செம்புக் குழாய்கள், அவற்றின் மேல் நெருக்கமாகக் கோத்த மெல்லிய அலுமினியத் தகடுகள். இதைத்தான் கூலிங் காயில் என்கிறார்கள். குழாய்க்குள் கேஸ் கொதித்து ஆவியாகும்போது காயில் குளிர்கிறது. எந்தக் காற்றுக்கும் ஒரு பனிநிலை உண்டு. அதற்குக் கீழே குளிர்ந்த பரப்பைத் தொட்டால் அதிலுள்ள நீராவி துளியாகிவிடும். நம் சென்னைக் காற்றின் பனிநிலை 26 டிகிரிக்கு மேல் என்பதால் ஏசி போட்ட புதிதில் நீர் தாராளமாகக் கொட்டும். ஆனால் அறை 25 டிகிரி, 50 சதவீதம் என்ற நிலையை எட்டும்போது காற்றின் பனிநிலை 14 டிகிரிக்கு இறங்கிவிடுகிறது. அதற்கும் கீழே காயில் குளிர்ந்திருந்தால்தான் மேற்கொண்டு ஒரு சொட்டாவது பிரியும். காயில் எவ்வளவு குளிர்கிறது, அதன் மேல் எவ்வளவு காற்று ஓடுகிறது என்ற இரண்டும் சரியாக இருந்தால்தான் புழுக்கம் போகும்.

காற்றோட்டத்தைக் கெடுப்பதில் முதல் குற்றவாளி ஃபில்டர். வலையில் தூசு அடைந்தால் காயிலுக்கு வரும் காற்று குறையும். வெப்பம் வந்து சேராததால் காயில் அளவுக்கு மீறிக் குளிர்ந்து, பிரிந்த நீர் தகடுகளுக்கு இடையே உறையத் தொடங்கும். உறைந்த பனி மீதமிருக்கும் இடுக்கையும் அடைக்கும். காற்று இன்னும் குறையும். பனி இன்னும் பெருகும். கடைசியில் உள்ளே பனிக்கட்டி, அறையில் வெக்கை. ஏசியை அணைத்ததும் பனி உருகி, காயிலுக்குக் கீழே நீர் பிடிக்கும் தட்டு கொள்ளாமல் சுவரில் வழியும். வீட்டில் இருப்பவர் இதைப் பார்த்து, 'கூலிங் போதவில்லை' என்று ரிமோட்டில் 18-க்கு இறக்குவார். அது நிலைமையை இன்னும் மோசமாக்கும். முழுதாக ஆவியாகாத கேஸ் திரவமாகவே கம்ப்ரசருக்குத் திரும்பினால் கம்ப்ரசரே பழுதாகலாம். இத்தனையையும் தடுக்க, இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஃபில்டரைக் கழற்றிக் குழாயடியில், தூசு படிந்த பக்கத்துக்கு மறுபக்கமிருந்து தண்ணீர் விட்டு அலசி, நிழலில் காயவைத்தால் போதும். ஐந்து நிமிட வேலை. அடைந்த ஃபில்டரை மாற்றிச் சுத்தமானதைப் போட்டால் மின் செலவு 5 முதல் 15 சதவீதம் வரை குறையலாம் என்கிறது அமெரிக்க எரிசக்தித் துறை.

ஃபில்டரைத் தாண்டியும் தூசு போகும். காயிலுக்குப் பின்னால் உருளை வடிவில் சுழலும் ப்ளோயரை டார்ச் அடித்துப் பாருங்கள். அதன் ஒவ்வோர் இறக்கையும் காற்றை அள்ளுவதற்காகச் சற்றே குழிந்திருக்கும். இரண்டு கோடை சரியாகக் கழுவாத ஏசியில் அந்தக் குழிவுகளில் கறுப்பாக, ஈரமான பஞ்சுபோல் அழுக்கு அப்பியிருக்கும். குழிவு நிரம்பினால் இறக்கை எவ்வளவு வேகமாகச் சுற்றினாலும் காற்றை அள்ளாது. சத்தம் மட்டும் வரும். ஏசி போட்டதும் வரும் ஒருவித முடைநாற்றமும் இங்கே வளரும் பூஞ்சையிலிருந்தும் கிருமிகளிலிருந்தும்தான் பெரும்பாலும் வருகிறது. கோடைக்கு முன் செய்யும் ஜெட் சர்வீஸின் முக்கியப் பயன் இந்த ப்ளோயரும் காயிலும் கழுவப்படுவதே. மின்னணு போர்டை பாலித்தீனால் மூடிவிட்டு, தகடுகள் மடங்காத அளவு அழுத்தத்தில், தகடுகளின் போக்கிலேயே தண்ணீர் அடிக்க வேண்டும். 'ஆசிட் வாஷ் பண்ணினா பளபளன்னு ஆயிடும்' என்று சொன்னால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். பளபளப்பு வருவது அலுமினியம் அரிக்கப்படுவதால்தான்.

பிரிந்த நீர் வெளியேற வேண்டுமே. ஒன்றரை டன் ஏசியின் திறன் சுமார் 5.3 கிலோவாட். அதில் கால்பங்கு ஈரத்துக்குப் போனாலும் மணிக்கு ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் டிரெயின் பைப் வழியாக இறங்க வேண்டும். இந்தப் பைப்பை ஏசி வாங்கும்போதும் யாரும் கவனிப்பதில்லை, சர்வீஸின்போதும் கவனிப்பதில்லை. தண்ணீர் தானாக இறங்க வழிநெடுகச் சரிவு இருக்க வேண்டும். நடுவில் தொய்ந்து மேலேறினால் அந்த வளைவில் தண்ணீர் தங்கி, பாசியும் தூசும் சேர்ந்து கூழாகி வழியை அடைக்கும். குளிர்காலம் முழுக்க ஓடாமல் கிடந்த ஏசி என்றால் பைப்பின் வெளிமுனையில் குளவி மண் வைத்துக் கூடு கட்டியிருக்கலாம். தண்ணீரைப் பிடித்துச் செடிக்கு ஊற்றும் நல்ல பழக்கம் உள்ள வீடுகளில் பைப் முனை வாளித் தண்ணீருக்குள் மூழ்கியிருப்பதைப் பார்க்கலாம். முனை எப்போதும் தண்ணீர் மட்டத்துக்கு மேலே இருக்க வேண்டும், இல்லாவிட்டால் ஓட்டம் தடைபடும். சர்வீஸ் முடிந்ததும் மெக்கானிக்கை இன்டோர் தட்டில் ஒரு சொம்புத் தண்ணீர் மெதுவாக ஊற்றிக் காட்டச் சொல்லுங்கள். ஊற்றும் வேகத்திலேயே வெளியே கொட்டினால் சரி. அந்த ஒரு சொம்புச் சோதனை பிறகு நள்ளிரவில் கட்டிலை நகர்த்தும் வேலையை மிச்சப்படுத்தும். அந்தத் தண்ணீர் தரை துடைக்கவும் செடிக்கும் ஆகும். காயிலின் தூசையும் கிருமியையும் கழுவிக்கொண்டு வருவதால் குடிக்க ஆகாது.

இனி கேஸ். குளிர்பதன வாயு பெட்ரோல் போல ஓட ஓடத் தீர்ந்துபோகிற பொருள் அல்ல. மூடிய குழாய்க்குள் ஆவியாகி, அழுத்தப்பட்டு, மறுபடி திரவமாகிச் சுற்றிக்கொண்டே இருக்கும். வீட்டு ஃபிரிட்ஜுக்குள்ளும் இதே ஏற்பாடுதான். பத்துப் பன்னிரண்டு ஆண்டுகள் கேஸ் நிரப்பாமலே அது ஓடுகிறது. ஆகவே ஏசியில் கேஸ் குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது என்று பொருள். கசிவைக் கண்டுபிடிக்காமல் வருடா வருடம் 'டாப் அப்' செய்வது காசை வெளிக்காற்றில் விடுவது. கேஸ் குறைந்தாலும் காயிலில் பனி பிடிக்கும், ஃபில்டர் அடைந்தாலும் பனி பிடிக்கும். இரண்டுக்கும் வெளித்தோற்றம் ஒன்றுதான். அதனால் ஃபில்டரையும் காயிலையும் கழுவிய பிறகே கேஸைப் பற்றி முடிவெடுக்க வேண்டும். பேச்சு கேஸிலேயே தொடங்குவது எனக்குச் சரியாகப் படவில்லை.

உண்மையிலேயே கசிவு இருந்தால் நைட்ரஜனை அழுத்தமாகச் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசியும் இடத்தைப் பார்த்து அடைத்து, வேக்குவம் பம்ப் வைத்துக் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, பிறகு எடைபோட்டு கேஸ் ஏற்ற வேண்டும். எந்த கேஸ், எத்தனை கிராம் என்பது அவுட்டோர் யூனிட்டின் ஸ்டிக்கரிலேயே அச்சாகியிருக்கும். சோதனைக்கு நைட்ரஜன் தவிர வேறெதையும், முக்கியமாக ஆக்சிஜனை, உள்ளே விடவே கூடாது. கம்ப்ரசர் எண்ணெயோடு அழுத்தமான ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும். இன்றைக்குப் புது ஏசிகளில் பரவலாக இருக்கும் ஆர்-32 ஓசோனைக் கெடுக்காது. ஆனால் மெதுவாகத் தீப்பற்றக்கூடியது. புவியைச் சூடாக்கும் திறனில் அதன் ஒரு கிலோ, நூறாண்டுக் கணக்கில், சுமார் 675 கிலோ கரியமில வாயுவுக்குச் சமம். பழைய ஆர்-410ஏ-க்கு அந்த எண் 2,000-க்கு மேல். கசிவை அடைக்காமல் நிரப்பிக்கொண்டே போகிறவர் அடுத்த கோடையின் வெயிலுக்கும் சேர்த்துப் பங்களிக்கிறார்.

ஏசி என்ன பிழிந்தாலும் வெளியிலிருந்து புழுக்கம் உள்ளே வந்துகொண்டே இருந்தால்? கதவிடுக்கு, ஜன்னல் சட்டம் வழியாக மணிக்கு ஒருமுறை அறைக்காற்று முழுதும் மாறுகிறது என்றால், நம் பத்துக்குப் பன்னிரண்டு அறைக்குள் மணிக்கு 440 கிராம் நீர் புதிதாக வந்து சேரும். அறையில் தூங்குகிற ஒருவரின் மூச்சும் தோலும் விடும் நீர் இதில் பத்தில் ஒரு பங்கு அளவுதான். கதவுக்கடியில் ரப்பர் பட்டை, ஜன்னல் ஓரத்தில் ஃபோம் டேப், குளியலறைக் கதவை மூடிவைப்பது, அறைக்குள் துணி காயப்போடாதிருப்பது எல்லாம் இதனால்தான் மதிப்புள்ள வேலைகள். பலர் பார்க்காத ஓட்டை ஒன்று உண்டு. இன்டோர் பெட்டிக்குப் பின்னால் செம்புக் குழாய் வெளியே போகச் சுவரில் துளைத்த துளை. பொருத்தியவர் அதைப் பூசாமல் விட்டிருந்தால் அந்த வழியே வெளிக்காற்று நேராக உள்ளே வரும். அங்கேயே குழாயைச் சுற்றியிருக்கும் கறுப்பு ஃபோம் கிழிந்திருக்கிறதா என்றும் பாருங்கள். கிழிந்த இடத்தில் குழாய் வியர்த்துச் சொட்டி, சுவரில் திட்டுத் திட்டாகப் பெயின்ட் உரியும். மெக்கானிக்கிடம் ஏசி ஒழுகுகிறது என்று சொல்வோம். கோளாறு அந்த ஃபோமில் இருக்கும்.

ரிமோட்டில் செய்யக்கூடியது என்ன? ஃபேன் வேகத்தைக் குறைத்தால் காயில் கூடுதலாகக் குளிரும், காற்றும் அதன் மேல் நின்று போகும். நீர் அதிகம் பிரியும். வேகத்தைக் கூட்டினால் அறை சீக்கிரம் குளிரும், ஈரம் அந்த அளவுக்குப் போகாது. ஆகவே வெயிலில் வந்து நுழைந்ததும் ஹை, அறை குளிர்ந்த பிறகு லோ. இன்வெர்ட்டர் ஏசிக்காரர்கள் இதைக் கட்டாயம் தெரிந்துகொள்ள வேண்டும். அறை குளிர்ந்ததும் இன்வெர்ட்டர் கம்ப்ரசர் வேகத்தைக் குறைத்து மின்சாரத்தை மிச்சப்படுத்துகிறது. ஆனால் அப்போது காயிலின் வெப்பநிலை மேலேறி, பனிநிலையை நெருங்குகிறது. டிகிரி சரியாக இருக்கும், படுக்கை மட்டும் நசநசக்கும். இரவு இரண்டு மணிக்கு இப்படித் தோன்றினால் டிகிரியை இறக்க வேண்டாம். ஃபேன் வேகத்தைக் குறையுங்கள், அல்லது டிரை மோடுக்கு மாற்றுங்கள். டிரை மோடு வேறொரு இயந்திரம் அல்ல. ஃபேனை மெதுவாக ஓட்டி ஈரத்துக்கு முன்னுரிமை தரும் ஏற்பாடு. உச்சி வெயிலுக்கு அது போதாது. புழுங்கும் இரவுக்கும் ஐப்பசி மழைக்கும் மிகப் பொருத்தம்.

அறைக்குத் தேவைக்கு மேல் பெரிய ஏசி வாங்குகிறவர்களுக்கும் இதே பிரச்சினைதான், குறிப்பாக இன்வெர்ட்டர் அல்லாதவற்றில். பத்து நிமிடத்தில் குளிரவைத்துவிட்டு நின்றுவிடும். காயிலில் திரண்ட நீர் கீழே வடியும் முன்பே, ஓடிக்கொண்டிருக்கும் ஃபேன் அதை மறுபடி ஆவியாக்கி அறைக்கே திருப்பிவிடும். குளிர்ந்த, கசகசத்த அறை கிடைக்கும். காயிலைக் காயவைக்க ஃபேன் மோடில் ஓட்டுவது நல்ல பழக்கம்தான்; அதைக் காலையில் எழுந்து ஜன்னலைத் திறந்தபின் கால்மணி நேரம் செய்யுங்கள்.

2020 ஜனவரி முதல் இந்தியாவில் விற்கும் ஸ்டார் முத்திரை ஏசிகள் 24 டிகிரியில்தான் தொடங்க வேண்டும் என்பது விதி. டிகிரி ஒன்று கூட்டினால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது எரிசக்தித் திறன் செயலகம். ஈரத்தை அடக்கிவிட்ட அறையில் 26 டிகிரியும் மெதுவாகச் சுற்றும் சீலிங் ஃபேனும் போதும் என்பது என் உறுதியான கருத்து. கடையில் மலிவாகக் கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்றை வாங்கிப் படுக்கையருகே வைத்துப் பாருங்கள். 50 முதல் 60-க்குள் எண் நின்றால் உங்கள் ஏசி தன் வேலையைச் செய்கிறது. கதவு மூடி அரைமணி நேரம் ஓடிய பிறகும் 70-ஐ விட்டு இறங்கவில்லை என்றால் மேலே சொன்னவற்றில் ஏதோ ஒன்று தவறியிருக்கிறது.

வெளியே இருக்கும் அவுட்டோர் யூனிட்டுக்குச் சொல்ல வேண்டியது குறைவு. அறையில் அள்ளிய வெப்பத்தையும் தான் தின்ற மின்சாரத்தின் வெப்பத்தையும் சேர்த்து அது கொட்டியாக வேண்டும். முன்னாலும் பின்னாலும் காற்று தாராளமாகப் போய்வர இடம் விடுங்கள். புறாக்கூடு, பழைய சாக்கு, அழகுக்காக வைத்த தகரத் தடுப்பு எல்லாவற்றையும் எடுத்துவிடுங்கள். கடற்கரை ஒட்டிய வீடுகளில் உப்புக்காற்று தகடுகளை அரிக்கும். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, நல்ல தண்ணீரால் அவ்வப்போது கழுவச் சொல்லுங்கள். மூடியைத் திறக்கும் வேலை நம்முடையதல்ல. மின்சாரத்தை நிறுத்திய பிறகும் உள்ளே இருக்கும் கெப்பாசிட்டரில் மின்னேற்றம் தங்கியிருக்கும்.

அதே உப்புக்காற்று, யூனிட்டைத் தாங்கும் இரும்பு ஸ்டாண்டையும் அரிக்கிறது. முப்பது நாற்பது கிலோ எடை நடைபாதைக்கு நேர் மேலே தொங்குகிறது. துருப்பிடித்த போல்ட்டை இந்தக் கோடைக்கு முன்பே மாற்றிவிடுங்கள். அதற்கும் சர்வீஸுக்கும் மெக்கானிக்கை பிப்ரவரி கடைசியிலேயே அழையுங்கள். ஏப்ரலில் ஒரு நாளைக்குப் பத்து வீடு ஏறி இறங்கும் அந்தப் பையனுக்கு உங்கள் ஏசியை நிதானமாகக் கழுவ நேரம் இருக்காது. மூன்றாவது மாடி சன்ஷேடில், பெல்ட்டும் கயிறும் இல்லாமல், 'சீக்கிரம் முடிச்சுடறேன் சார்' என்று அவர் கால் வைக்கப் போனால் தடுத்து நிறுத்துங்கள். பாதுகாப்புக் கயிறு கொண்டுவந்து மறுநாள் செய்யட்டும்.